பங்காளி மரங்கள்

“பூவுல கீற தூளப் பாக்கறதுக்கா நீ திருப்பதி வரிக்கும் போய்க்கினு கீற? அந்தத் தூளு நாளிக்கு உனுக்குச் சோறு போடுமா?”

கேட்டவர் என் அத்தை, நைனாவின் அக்கா. நகரியில் பவர்லூம் தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால், அவர் ரகசியம் சொன்னாலும் பக்கத்துக் கொல்லைக்காரர் திரும்பிப் பார்ப்பார். நான் திருப்பதியில் எம்.எஸ்சி. தாவரவியல் சேர்ந்து, முதல் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அந்தக் கர்வம் எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதனால் பதில் சொல்லியே தீருவது என்று வாயைத் திறந்தேன். ஆனால் கண் மரத்துக்குப் போய்விட்டது. ஏனென்றால் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டபோது பூத்துக் குலுங்கும் ஒரு மரத்தில் துடைப்பக்கட்டையையும் பிய்ந்த செருப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

காய்க்காத மரத்துக்கு எங்கள் பக்கத்தில் செய்வது அது. மானம் வந்து காய்க்குமாம்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் நிலம். சுற்றிலும் எங்கே பார்த்தாலும் மாந்தோப்புதான். எங்கள் கிணற்று மேட்டில் மட்டும் மாமரத்துக்குப் பதிலாக ஒரு வரிசை பம்பளிமாசு நின்றது. அம்மா கொண்டுவந்தவை. சத்தியவேடு பக்கத்தில் இருக்கும் அம்மாவின் பிறந்த வீட்டில் ஒரு பம்பளிமாசு மரம் இருந்தது. கால்பந்து அளவுக்குக் காய்க்கும், தேனாக இனிக்கும் என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. அந்த ஒரே மரத்தின் கிளைகளில் பட்டையை வளையமாகச் சீவி, மண்ணும் தேங்காய் நாரும் வைத்துக் கட்டி, வேர் விட்டதும் வெட்டி எடுத்து வந்து வரிசையாக நட்டார். பதியன் போடுவது என்பார்கள். அம்மாவின் அண்ணன் வேறொரு பம்பளிமாசு மரத்தின் கன்று ஒன்றையும் பிரியமாகக் கொடுத்திருக்கிறார். அம்மா அதை வாங்கவே இல்லை.

“கண்ட மரத்தையும் கலந்தா ருசி கெட்டுப்பூடும். எங்க ஊட்டு மரம் எங்க ஊட்டு மரமாவே இருக்கணும்.”

மரங்கள் நன்றாக வளர்ந்தன. மார்கழிக் கடைசியில் பூக்க ஆரம்பித்தால் பஸ்சில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு வாசனை. பிறகு எல்லாம் கொட்டிவிடும். எப்போதாவது ஒன்றிரண்டு பிஞ்சு பிடித்து, கோலிக்குண்டு அளவுக்கு வந்து, அதுவும் உதிரும். வருடா வருடம் இதே கதை. அம்மா அடியுரம் வைத்தார், பெருங்காயம் கரைத்து ஊற்றினார். ஊரில் யாரோ சொன்னதைக் கேட்டு மரத்துக்கு மஞ்சள் துணிகூடச் சுற்றினார்.

அத்தைக்கு அது பெரிய வசதி. “எங்க அம்மா ஊட்டு மரம், எங்க அம்மா ஊட்டு மரம்னு சொல்லிக்கினு கீறியே, இன்னாத்த கண்டோம். பூ பூத்துக் காட்டுது. சாமந்தியா அது, தலையில வெச்சிக்கறதுக்கு?”

அந்தப் பொங்கலில் நைனா முடிவாகச் சொல்லிவிட்டார். ஆடி மாதம் ஆள் வந்து மரங்களை அறுத்துப் போவார்கள், மழைக்கு முன்னால் அந்த இடத்தில் மாங்கன்று வைப்பது என்று. நைனா கோபக்காரர் அல்ல. பல வருடம் பொறுத்தவர். அம்மா எழுந்து மாட்டுக்குத் தவிடு கலக்கப் போனார். அம்மா பேச்சின் நடுவில் வேலை தேடிப் போனால் விஷயம் மனசுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

நான் திரும்பிப் போகும்போது, வகுப்பில் பழ மரப் பூ ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருந்த ஞாபகத்தில், விரியாத மொட்டுகளோடு நாலைந்து கொத்து ஒடித்துத் தண்ணீர் பாட்டிலில் செருகிக்கொண்டேன். அத்தை சிரித்தார். “எத்தினி வேணா ஒடி. காயா போவப் போவுது?”

திருப்பதியில் நான் மாடி அறையொன்றில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர்கள். மாமா மலைமேல் கோயில் கைங்கரியம் செய்கிறவர், மாமி வீட்டோடு. அவர்கள் புழக்கடையிலும் ஒரு பம்பளிமாசு மரம் நின்றது. நான் ஊரிலிருந்து பூங்கொத்தோடு வந்து இறங்கிய அன்று காலை அதுவும் பூத்திருந்தது. சும்மா ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அதிலும் நாலு மொட்டு பறித்துக்கொண்டேன்.

ஆய்வகத்தில் செய்தது எளிய வேலை. எங்கள் மரத்து மொட்டுகளை மெல்லப் பிரித்து மகரந்தப் பைகளை நீக்கினேன். சில பூக்களுக்கு எங்கள் மரத்து மகரந்தத்தையே வைத்தேன். சிலவற்றுக்கு மாமி வீட்டு மரத்து மகரந்தம். இரண்டு நாள் கழித்து பூக்களின் நடுவில் நிற்கும் சூல்தண்டுகளை எடுத்து, மெத்தென்று ஆகும்வரை காரக் கரைசலில் ஊறவைத்து, நீலச் சாயம் ஏற்றி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தேன். அந்தச் சாயத்துக்குப் புற ஊதா ஒளி பட்டால் மகரந்தக் குழாய்கள் மஞ்சள் பச்சையாக ஒளிரும்.

மாமி வீட்டு மகரந்தம் வைத்த தண்டில், மேலிருந்து அடிவரை குழாய்கள் கற்றை கற்றையாக இறங்கியிருந்தன. எங்கள் மரத்து மகரந்தம் வைத்த தண்டிலும் முளைத்திருந்தன. ஆனால் பாதி வழிகூட வரவில்லை. நுனி வீங்கி, அங்கங்கே நின்றுபோயிருந்தன.

பாடத்தில் படித்ததுதான். தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்காத தன்மை. ஆனால் அதைப் பாடமாகப் படிப்பது வேறு, அம்மாவின் மரத்தில் பார்ப்பது வேறு.

நடப்பது இதுதான். மகரந்தத் துகள் சூல்தண்டின் உச்சியில் விழுந்ததும் முளைத்து, ஒரு மெல்லிய குழாயை நீட்டி, தண்டுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சூலைத் தேடிப் போகிறது. தண்டு அதைச் சும்மா விடுவதில்லை. உள்ளே ஒரு விஷப் புரதம் வைத்திருக்கிறது. அது குழாய்க்குள் புகுந்து, வளர்வதற்கு வேண்டிய ஆர்.என்.ஏ. செய்திகளை எல்லாம் நறுக்கிப் போடும். சொந்தமா அந்நியமா என்று பார்க்காமல் வருகிற எல்லாக் குழாய்க்குள்ளும் அந்த விஷம் நுழையும். தப்பிப்பது மகரந்தத்தின் பாடு. அதனிடமும் ஆட்கள் இருக்கிறார்கள். விஷத்தைப் பிடித்துச் சிதைக்க அனுப்பிவிடும் புரதங்களின் ஒரு கூட்டம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டத்தில் ஊரார் வீட்டு விஷத்தைப் பிடிக்க எல்லாம் ஆள் உண்டு, தன் வீட்டு விஷத்தைப் பிடிக்க மட்டும் ஆள் கிடையாது. ஆப்பிள், பேரி, பம்பளிமாசு எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

மாட்டிக்கொண்ட மகரந்தம் அப்போதே செத்து விழும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேரி மரத்தில் ஆராய்ந்தவர்கள் அப்படி இல்லை என்கிறார்கள். குழாய்க்குள் சாரம் கட்டினதுபோல நுண்ணிய இழைகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் குழாய் வளர்கிறது. விஷம் வந்து அவற்றைக் குலைக்கும்போது, மகரந்தம் கொழுப்பு வகைப் பொருள் ஒன்றை உண்டாக்கி, இழைகள் சரியாமல் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிறது. கடைசியில் தோற்றுத்தான் போகிறது. ஆனால் மல்லுக்கட்டித் தோற்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு ஏனோ உற்சாகமாக இருந்தது. கண்ணாடித் துண்டைத் திரும்ப எடுத்துவைத்து, வீங்கி நின்ற அந்த நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றின்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நைனா, அம்மா, அத்தை மூன்று பேரும் இருந்தார்கள்.

“அம்மா, மரம் மேல தப்பே இல்ல. நீ எல்லாத்தையும் ஒரே மரத்துல இருந்து பதியன் போட்ட. அதனால வரிசையில எத்தினி கீதோ, பூவுக்கு எல்லாம் ஒண்ணு தான். ஒரே ஊட்டு ஆளுங்க. பங்காளிங்க.”

“இன்னா பாப்பா சொல்ற?” என்றார் நைனா.

“பங்காளிக்குள்ள பொண்ணு குடுத்து எடுப்பியா நைனா நீ?”

அத்தைதான் முந்திக்கொண்டு, “தூ, வாயக் கழுவு. அண்ணன் தங்கச்சி மொற அது” என்றார்.

“மரமும் அதான் அத்தே சொல்லுது. வேற ஊட்டு மரம் ஒண்ணு கூட பக்கத்துல இல்ல. அது இன்னா பண்ணும்? நீ துடப்பத்தக் கட்டற.”

சரியாகச் சொன்னால் அவை பங்காளிகள்கூட இல்லை, ஒரே ஆள். ஆனால் நான் வகுப்பில் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு புரிந்துகொண்டதை நைனா அந்த ஒரு வார்த்தையில் பிடித்துக்கொண்டார்.

“அப்போ மாமன் மச்சான் மொறையில ஒண்ணு வோணும்ன்ற.”

“ஆமா நைனா.”

அம்மாதான் கடைசியாகப் பேசினார். “அண்ணன் குடுத்த கன்ன வாங்கி இருக்கலாம் அப்போ.” அதில் வருத்தம் இருந்தது. நான் ஒன்று கவனித்தேன். பிறந்த வீட்டு மரம் ஏன் காய்த்தது என்று அம்மாவுக்கு இப்போது தானாகவே விளங்கிவிட்டது. “பின்னாடி ஊட்ல ஒரு புளிப்புப் பம்பளிமாசு கீது. தேனீ அங்க இங்கனு போய்க்கினே இருக்கும்” என்றார்.

நைனா அறுக்கிறவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. “ஆடி வரிக்கும் டயம் கீது. காயக் காமி. அப்பறம் பேசுவோம்” என்றார். நியாயமான பேச்சுதான்.

மறுநாள் மாமியிடம் போய் நின்றேன். “மாமி, உங்க மரத்துப் பூ நிறைய வேணும்.”

“பெருமாளுக்காடீம்மா?”

“இல்ல மாமி. எங்க ஊர் மரத்துக்குச் சம்பந்தம் பேச.”

விஷயத்தைச் சொன்னேன். மாமி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “பிள்ளை கேட்டு வந்திருக்கியா நீ? ஜாதகம் பார்க்க வேண்டாமோ?”

“மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டேன் மாமி. பொருத்தம் நல்லா இருக்கு.”

“அதுசரி. எங்காத்து மரமும் இத்தனை வருஷமா ஒரு காய் காட்டினதில்லை. உள்ளே வெள்ளையா செவப்பான்னுகூட எங்களுக்குத் தெரியாது. ஒங்காத்துலேர்ந்தும் கொண்டுவந்து இதுக்கும் ஒரு வழி பண்ணேன்.”

மகரந்தப் பைகளை நிழலில் உலர்த்தி, ஒரு மாத்திரை டப்பாவில் போடப் போனேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. “கல்யாணக் காரியத்துக்கு மாத்திரை டப்பாவா?” என்று ஒரு வெண்கலக் குங்குமச் சிமிழைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். ஈரம் வாங்கும் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து மூடிக்கொண்டேன்.

பஸ்சில் அதை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, “அந்த்லோ ஏமுண்டாதம்மா?” என்று உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டார்.

“புவ்வுல பொடி” என்றேன். பூத்தூள்.

“பூஜகா?”

“லேதண்ணா, பெள்ளிகி.” பூஜைக்கு இல்லை, கல்யாணத்துக்கு.

அவர் யார் கல்யாணமோ என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ஊரில் அடையாளத்துக்குத்தான் வழி தெரியவில்லை. எந்தப் பூவுக்கு என்ன வைத்தோம் என்று தெரியாவிட்டால் செய்ததெல்லாம் வீண். தறியில் மிஞ்சும் நூல் துண்டுகள் அத்தையிடம் மூட்டையாக இருக்கும். கேட்டேன். “தூளு இப்போ நூலு கேக்குதா?” என்றார். ஆனாலும் சிவப்பு ஒரு கண்டு, வெள்ளை ஒரு கண்டு கொண்டுவந்து போட்டார்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அம்மாவும் நானும் ஆரம்பித்தோம். நாளை விரியப் போகும் மொட்டாகப் பார்த்து, இதழை நீக்கி, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். மையத்தில் பச்சையாக நிற்கும் தண்டின் உச்சி பிசுபிசுவென்று இருக்கும். அதில் தூரிகையால் தூளைத் தொட்டு வைக்க வேண்டும். பிறகு நூல் கட்டி, காகிதப் பையால் மூட வேண்டும். மாமி வீட்டு மகரந்தத்துக்குச் சிவப்பு நூல். எங்கள் மரத்தினுடையதையே வைத்த பூக்களுக்கு வெள்ளை நூல். அம்மாவுக்குப் பூக்கட்டிப் பழகிய கை, முடிச்சு போடுவதில் என்னைவிட வேகம். ஆனால் ஒவ்வொரு சிவப்பு நூலுக்கும் ஒரு கவலை.

“பாப்பா, அந்த மரத்துத் தூளு போட்டா, காயும் அந்த மரத்து ருசிக்கு மாறிடாதா?”

“மாறாதுமா. சதை எல்லாம் தாய் மரத்தோடது. உள்ள கீற வெத மட்டும்தான் ரெண்டு பேருக்கும் பொது. வெத வேணா கொஞ்சம் ஜாஸ்தி ஆவும்.”

“வெத தானே. துப்பிட்டாப் போச்சி.”

அதன்பிறகு அம்மாவின் கை இன்னும் வேகமானது. நான் எங்கள் மரத்து மகரந்தத்தைச் சிமிழில் நிரப்பிக்கொண்டு போய் மாமி வீட்டு மரத்துக்கும் அதே வேலையைச் செய்தேன். மாமி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கிளை விட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு காத்திருப்பு. வாரத்துக்கு ஒரு போட்டோ அம்மாவிடமிருந்து வரும். அம்மாவுக்கு எழுத வராது, ஆனால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். முதலில் வந்தது ஒரு மங்கலான வெள்ளை நூல், கீழே காம்பு மட்டும். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது போட்டோவில் சிவப்பு நூல், அதன் கீழே பட்டாணி அளவுக்கு ஒரு பச்சை. நான் உடனே நம்பவில்லை. பட்டாணி அளவுக்கு முன்னாலும் வந்து உதிர்ந்திருக்கின்றன. எலுமிச்சை அளவு தாண்டிய பிறகுதான் எனக்குத் தூக்கம் நிம்மதியாக வந்தது.

வைகாசியில் போனபோது அத்தை எனக்கு முன்னாலேயே கிணற்று மேட்டில் நின்றிருந்தார். தேங்காய் அளவில் காய்கள் தொங்கின. துடைப்பமும் செருப்பும்கூட இன்னும் அங்கேதான் தொங்கின.

“பாத்தியா,” என்றார் அத்தை. “ரோசம் வந்துடுச்சி மரத்துக்கு. நான் கட்டனது சும்மா போவுமா?”

நான் காய் காயாகக் காம்பைக் காட்டினேன். சிவப்பு நூல். அடுத்தது, சிவப்பு நூல். அதற்கடுத்தது, சிவப்பு. வெள்ளை நூல் கட்டிய காம்புகள் எல்லாம் வெறுமனே நின்றன. நூலே கட்டாத கிளைகளில் இலை மட்டும்.

“அத்தே, துடப்பம் மொத்த மரத்துக்கும்தானே கட்டின? அதுக்குச் செவப்பு நூலு மட்டும் எப்பிடித் தெரிஞ்சிது?”

அத்தை அடுத்த மரத்துக்குப் போனார். அங்கேயும் பார்த்தார். கடைசி மரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். “நூலு யாரு குடுத்தது?” என்று கேட்டார்.

“நீதான் அத்தே.”

“அதச் சொல்லு மொதல்ல.” பிறகு அம்மாவைப் பார்த்து, “ஏ, இன்னாடி பாத்துக்கினு கீற. துன்றதுக்கு எப்போ அறுப்ப?” என்றார். அம்மா பல வருடங்களுக்குப் பிறகு அத்தைக்கு வாய் திறந்து பதில் சொன்னதை அன்றுதான் கேட்டேன். “எங்க அம்மா ஊட்டு மரம். நான் சொல்லும்போது அறுத்தா போதும்.”

அறுக்கிறவர் ஆடியில் வந்தார். நைனா அவரைக் கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுத்து, வேலியில் பட்டுப்போன ஒரு வேப்பமரத்தைக் காட்டி அனுப்பினார். மரங்களைப் பற்றி அவரிடம் சொன்னது ஒரே வாக்கியம். “பொண்ணு படிக்குது, அதுங்கள தொடாத.”

மாமி வீட்டு மரம் தன் முதல் காயை ஆவணியில் கொடுத்தது. மாமி அதை முதலில் பெருமாளுக்கு வைத்துவிட்டுத்தான் வெட்டினார். உள்ளே ரோஜா நிறத்தில் சிவப்பு. மாமா சுளையை வாயில் போட்டுக்கொண்டு, இத்தனை வருடம் இதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தெரியாமல் இருந்தோமே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நைனாவுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. “வருசா வருசம் நீ சிமிழத் தூக்கிக்கினு வருவியா பாப்பா? திருப்பதியில இருந்து தேனீயா வரும்?”

அதற்கு நான் வழி வைத்திருந்தேன். மாமி வீட்டு மரத்தின் குச்சிகளை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றில் ஒரு கிளையின் பட்டைக்குள் மட்டும் அந்தக் குச்சிகளின் துளிர்க் கண்ணைச் செருகி ஒட்டினோம். நான் கத்தி பிடிக்க, நைனா நாடா சுற்றினார். “ஊட்டோட மாப்பிள்ளையா வெச்சிக்கறோம்” என்று அவரே பெயரும் வைத்தார். பெரும்பாலான கண்கள் துளிர்த்துவிட்டன. அவை பூக்கும்வரை ஒன்றிரண்டு வருடம் நான் பூத்தூளோடு வந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு மிச்சம் இருந்தது அந்தத் தோற்றுப்போன குழாய்கள். பேரி மரத்து மகரந்தம் தாங்கிப் பிடிப்பதுபோல பம்பளிமாசு மகரந்தமும் பிடிக்கிறதா, எவ்வளவு நேரம், எதைக் கொண்டு? எம்.எஸ்சி. முடிந்ததும் அதையே கேள்வியாக எழுதிக் கொடுத்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டேன். இந்தத் தையில் மரங்கள் திரும்பப் பூத்தன. போன வாரம் ஊருக்குப் போய், கிணற்று மேட்டு மரங்களின் பூக்களுக்கு அவற்றின் மகரந்தத்தையே வைத்து, விடியலிலிருந்து இருட்டும்வரை கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சில தண்டுகளைப் பறித்துப் பதப்படுத்தி எடுத்து வந்தேன். இப்போது அவை ஆய்வகத்தில் சாயத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன. நாளைக் காலை நுண்ணோக்கியில் வைத்தால், குழாய்கள் எந்த நேரம்வரை தாக்குப்பிடித்தன என்று தெரியும்.